கம்பு கைக்கு வருமுன்



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் படிக்கட்டில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருக்காரர் ஒருவர் வந்து தோளைத் தொட்டார். "காக்கா, மவன் ரொம்ப முரடாப் போயிட்டான். உம்மாவை எதுத்துப் பேசுறான், தங்கச்சிய அடிக்கிறான். உங்க புள்ள கத்துக்குற எடத்துல சேத்துவிட்டா அடங்குவானா?" என்று கேட்டார். அன்று மாலையே வேறொரு பெண்மணி என் மனைவியிடம் வந்திருக்கிறார். "லாத்தா, எம்புள்ள ஒரே பயந்தாங்கொள்ளி. பள்ளிக்கூடத்துல யாரு தள்ளிவிட்டாலும் அழுதுட்டு வந்து நிக்கிறான். அங்க சேத்தா தைரியம் வருமா?" என்பது அவருடைய கேள்வி.

முரடனுக்கும் அதே மருந்து, பயந்தவனுக்கும் அதே மருந்து என்றால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் நம் ஊர்களில் தற்காப்புக் கலை வகுப்புகள் இப்படித்தான் விற்கப்படுகின்றன. ஒழுக்கம், மரியாதை, தன்னம்பிக்கை, மனக் கட்டுப்பாடு என்று பதாகையில் எழுதி, பக்கத்தில் காலைத் தூக்கி உதைக்கும் சிறுவன் ஒருவனின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். நாமும் மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, வீட்டில் நம்மால் கொடுக்க முடியாமற்போன தர்பியத்தை யாரோ ஒருவர் வாரத்துக்கு மூன்று மணி நேரத்தில் கொடுத்துவிடுவார் என்று நம்பத் தொடங்கிவிடுகிறோம். நானும் அப்படி நம்பியவன்தான். என் மகனும் மகளும் இத்துறையில் நான்கு ஆண்டுகளைக் கழித்துவிட்டார்கள். அந்த அனுபவத்திலிருந்து, அந்தத் தெருக்காரருக்குப் படிக்கட்டில் நின்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

மகனுக்கு எட்டு வயதாகும்போது ஒரு கராத்தே வகுப்பில் சேர்த்தேன். பெரிய கூடம், நல்ல விரிப்பு, சுவர் முழுக்கக் கோப்பைகள். முதல் மாதத்திலேயே பையன் மாறிவிட்டதைப் போலத் தோன்றியது. மாஸ்டரைக் கண்டால் விறைத்து நிற்பான், கேட்டதற்கு உரத்த குரலில் ஒற்றைச் சொல்லில் விடையளிப்பான். எங்களுக்கு மகிழ்ச்சி. ஒரு நாள் வழக்கத்துக்கு மாறாக அரை மணி நேரம் முன்னதாகவே அழைத்து வரப் போனேன். தாமதமாக வந்த நான்கு சிறுவர்கள் வாசல் சரளைக்கல்லில் முழங்காலிட்டு நின்றார்கள். மாஸ்டரின் கையில் பிரம்பு இருந்தது. என் மகன் வரிசையில் நின்று, அந்த நால்வரையும் பார்த்துக் கண்ணை விரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய மரியாதை எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதே வாரம் வீட்டில் தங்கையின் வயிற்றில் ஓர் உதை விட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "நான் கூப்பிட்டேன், அவ உடனே வரல" என்றான். கூடத்தில் பார்த்ததை வீட்டில் செய்தான், அவ்வளவுதான். வலியவன் கூப்பிட்டால் எளியவன் உடனே வர வேண்டும், வராவிட்டால் அடி விழும் என்ற பாடத்தை நான் பணம் கட்டிக் கற்பித்திருக்கிறேன்.

அச்சத்தையும் மரியாதையையும் பிள்ளைகள் முதலில் பிரித்தறிவதில்லை. பெரியவர்களாகிய நாமும் பல நேரங்களில் பிரித்தறிவதில்லை. பிள்ளை அமைதியாக நின்றால் போதும், ஏன் நிற்கிறான் என்று கேட்பதில்லை. அனஸ் (ரலி) அவர்கள் சிறுவனாக வந்து பத்து ஆண்டுகள் நபி (ஸல்) அவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் ஒருமுறைகூட நபியவர்கள் தம்மைச் சலித்து ஒரு சொல் சொன்னதில்லை என்று பிற்காலத்தில் அவர்களே அறிவித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அச்செய்தி இருக்கிறது. போர்க்களத்தில் நின்ற கரம் அது. ஆனால் அந்தக் கரம் எந்தப் பணியாளரையும் எந்தப் பெண்ணையும் அடித்ததில்லை என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைக்கு வீரம் கற்பிக்க வருகிற ஆசிரியரை நான் அளந்து பார்க்கும் கோல் இதுதான். கோப்பைகளின் எண்ணிக்கையால் அவரை அளப்பதில்லை.

அந்த வகுப்பிலிருந்து மகனை எடுத்துவிட்டேன். எடுக்கும்போது மாஸ்டர், "இன்னும் ஒரு மாசம் இருந்தா அடுத்த பெல்ட் வந்துரும், ஏன் வீணாக்குறீங்க?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் அந்தத் தொழிலின் பாதிக் கதை அடங்கியிருக்கிறது.

பெல்ட்டைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். ஜப்பானில் கானோ ஜிகோரோ என்பவர் 1882-இல் ஜூடோவை நிறுவியபோது இன்று நாம் காணும் வண்ண வரிசை எதுவும் இருந்ததில்லை. கறுப்புப் பட்டையை அவருடைய பள்ளிதான் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. மஞ்சள், பச்சை, நீலம் என்ற ஏணிப்படிகள் பின்னர் ஐரோப்பாவில் ஜூடோ பரவியபோது, பொறுமை குறைந்த மாணவர்களைத் தக்கவைத்துக்கொள்ளும் உத்தியாகப் பெருகின. பிள்ளைக்கு ஊக்கம் தருவதில் தவறில்லை. ஓதும் பிள்ளைக்கு ஒரு ஜுஸ்உ முடித்தால் நாமும் இனிப்புக் கொடுக்கிறோம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு பட்டை, பட்டைக்கு ஒரு தேர்வுக் கட்டணம் என்று ஆகிவிட்டால் பிள்ளை கற்றுக்கொள்வது வேறொன்று. என் மகன் அண்டை வீட்டுப் பையனைப் பற்றிச் சொன்ன முதல் செய்தியே, "அவன் இன்னும் மஞ்சள்தான் வாப்பா" என்பதாக இருந்தது.

கானோ தொழிலால் கல்வியாளர். ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். கராத்தேயை 1922-இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கொண்டுசென்று காட்டிய ஃபுனாகோஷி கிச்சினும் பள்ளி ஆசிரியர்தான். கராத்தேயில் முதல் அடி கிடையாது என்று அவர் வலியுறுத்தி வந்தார். அவர் கற்பித்த அடவுத் தொடர்கள் தடுப்பு அசைவில் தொடங்குவதை இன்றும் காணலாம். ஆசிரியர்கள் உருவாக்கிய கலையை வணிகர்கள் கைப்பற்றியதுதான் குறை. கலையின்மேல் எனக்குக் கோபமில்லை.

மூன்று மாதம் எதுவுமின்றிக் கழிந்தது. அதன் பின்னர் எங்கள் முஹல்லாவிலேயே சிலம்பம் கற்பிக்கும் முதியவர் ஒருவரிடம் போனோம். பகலில் மரக்கடையில் வேலை பார்ப்பவர். அஸருக்குப் பின்னர், ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தில் மண்தரையில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறார். பதாகை இல்லை, கோப்பை இல்லை. "ஆசானே, புள்ளைக்கு எப்பக் கம்பு குடுப்பீங்க?" என்று நான் கேட்டதற்கு, "கால் வந்தப்புறம்" என்று மட்டும் சொன்னார்.

கால் வருவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் காலடி வரிசைதான். மண்ணில் குச்சியால் கோடு கிழித்து, அந்தக் கோட்டில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் கால் மாற்றி வைக்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு இது எவ்வளவு சலிப்பூட்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டாம் வாரத்தில் என் மகன் அழுதான். ஆசான் அதட்டவில்லை, "சலிப்பா இருந்தா வந்து ஒக்காரு, கால் ஆசைப்பட்டா எந்திரி" என்றார். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு யாரும் சொல்லாமலே எழுந்து போய்க் கோட்டில் நின்றான். நான்கு ஆண்டுகளில் அவனிடம் நான் கண்ட முதல் ஒழுக்கம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அதை யாரும் திணிக்கவில்லை.

பின்னர் கம்பு வந்தது. கற்பவனின் நெற்றி உயரத்துக்கு வெட்டிய மூங்கில். சிலம்பத்தில் இருவர் எதிரெதிரே நின்று ஆடும்போது தொட்டாலே போதும், புள்ளி கிடைத்துவிடும். ஓங்கி அடித்தவன் திறமைசாலி அல்லன். தடுப்பைக் கடந்து போய், தோலில் படும் அளவில் கம்பை நிறுத்தத் தெரிந்தவனே திறமைசாலி. அடிக்கக் கற்பதைவிட நிறுத்தக் கற்பது பல மடங்கு கடினம். வேகமாகச் சுழன்று வரும் கம்பைக் கடைசி விரற்கடையில் நிறுத்துவதற்கு மணிக்கட்டும் தோளும் மூச்சும் ஒன்றாக இசைய வேண்டும். கோபம் வந்துவிட்டால் அந்த இசைவு முதலில் போய்விடும். பிள்ளையின் கால் பிசகும், வீச்சு அகலும், மார்பு திறந்துகொள்ளும். எதிரில் நிற்கும் சிறுவன் மிக எளிதாக வந்து தொட்டுவிட்டுப் போய்விடுவான்.

கோபத்தின் கேட்டைப் பற்றி நான் வீட்டில் நூறு முறை சொல்லியிருப்பேன். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரன் அல்லன், சினம் வரும்போது தன்னை அடக்கிக்கொள்பவனே வீரன் என்ற கருத்தில் வந்துள்ள நபிமொழியை நம் பிள்ளைகள் மதரஸாவில் மனப்பாடம் செய்கிறார்கள். என் மகனும் செய்தான். ஆனால் அதன் பொருளை அவன் கண்டது, தன்னைவிட இரண்டு வயது சிறியவனிடம் வரிசையாக ஐந்து முறை தொடப்பட்ட நாளில்தான். அன்று இரவு உணவின்போது, "வாப்பா, கோவம் வந்தா எனக்குக் கம்பு தெரியவே மாட்டேங்குது" என்றான். நாயகம் (ஸல்) அவர்கள் அந்தச் செய்தியைச் சொல்ல மல்யுத்தத்தையே உவமையாக எடுத்தார்கள் என்பது அதுவரை எனக்கும் உறைத்ததில்லை. களம் கண்ட மக்களுக்குக் களத்து மொழியில் சொன்ன செய்தி அது. களமே காணாத பிள்ளைக்கு நாம் அதை வெறும் சொல்லாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சீராவில் இன்னொரு நிகழ்ச்சி உண்டு, பிள்ளைகளுக்குச் சொல்ல மிகப் பொருத்தமானது. உஹதுக்குப் புறப்படும்போது வயது குறைந்தவர்களை நபி (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) நல்ல வில்லாளர் என்று சொல்லப்பட்டதால் அனுமதி கிடைத்தது. ஸமுரா இப்னு ஜுன்துப் (ரலி) அவர்களுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ராஃபிஉவை மல்யுத்தத்தில் நான் வீழ்த்துவேனே என்று அவர்கள் முறையிட்டபோது, இருவரையும் மோதவிட்டுப் பார்த்தார்கள். ஸமுரா வென்றார்கள், அனுமதியும் பெற்றார்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஒரு பதின்ம வயதுப் பிள்ளையின் முறையீட்டை, அதுவும் போருக்கு முந்தைய அவசரத்தில், காதுகொடுத்துக் கேட்ட அந்தப் பண்பை நான் நினைத்து நினைத்து வியக்கிறேன். நம் வீட்டில் பிள்ளை வாய் திறந்தாலே "எதுத்துப் பேசாதே" என்கிறோம். மரியாதை ஒருவழிப் பாதையாக இருக்கும் வீட்டில் வளரும் பிள்ளையை எந்தக் களரியும் திருத்தாது. சிறியோரிடம் இரக்கம் காட்டாதவரும் பெரியோரை மதிக்காதவரும் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற நபிமொழியில் இரக்கத்தையும் மதிப்பையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். நாம் பிற்பாதியை மட்டும் பிள்ளைகளிடம் ஓதிக்காட்டுகிறோம்.

ஓர் இடைச்செருகல். சிலம்பம் நமக்குப் புதிதன்று. என் பாட்டனார் காலத்தில் எங்கள் ஊரில் கல்யாண ஊர்வலத்திலும் பெருநாள் மாலையிலும் கம்பு சுற்றாத தெரு இருந்ததில்லையாம். கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் சீனடியும் பொல்லடியும் தலைமுறை தலைமுறையாக வந்தவை. ஊர்வலங்களிலும் கந்தூரிகளிலும் மார்க்கத்துக்கு ஒவ்வாதவை கலந்திருந்தன என்று ஆலிம்கள் கண்டித்தபோது, அவற்றோடு சேர்த்துக் கம்பையும் பரணில் போட்டுவிட்டோம். பதரைத் தூற்றப் போய் நெல்லையும் தூற்றிவிட்டோம் என்பது என் கருத்து. பெருநாளன்று அபிசீனியர்கள் ஈட்டி விளையாடியது மஸ்ஜிதுந் நபவியில். ஆயிஷா (ரலி) அவர்கள் களைக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்க நாயகம் (ஸல்) அவர்கள் மறைத்து நின்று உதவியதாகப் புகாரியில் வருகிறது. தமிழ்நாட்டில் நடந்த 2023-ஆம் ஆண்டுக்கான கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் பலரும் ஆவலோடு கம்பைத் தேடுகிறார்கள். நம் பரணில் கிடப்பதை நம் பிள்ளைகள் வேறெங்கோ போய்த் தேட வேண்டியதில்லை.

இனி, பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி. குனிந்து வணங்குதல்.

கராத்தே, ஜூடோ, டேக்வாண்டோ ஆகிய மூன்றிலும் கூடத்துக்குள் நுழையும்போதும், ஆசிரியரின் முன்னும், எதிராளியின் முன்னும் இடுப்பை வளைத்துக் குனிவது வழக்கம். அவர்கள் அதை வழிபாடாகச் செய்யவில்லை; அது அந்நாட்டு முகமன். ஆயினும் ஒருவர் தம் சகோதரரைச் சந்திக்கும்போது அவருக்காகக் குனியலாமா என்று கேட்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள் வேண்டாம் என்றும், கைகொடுக்கலாமா என்றபோது ஆம் என்றும் சொன்னதாகத் திர்மிதியில் அறிவிப்பு உள்ளது. ருகூஉவைப் போலக் குனிவதை ஆலிம்கள் தடுத்திருக்கிறார்கள். இதில் இரண்டு வகையான பெற்றோரைப் பார்க்கிறேன். ஒருவர் இதையெல்லாம் பெரிதுபடுத்தலாமா என்று விட்டுவிடுகிறார். மற்றவர் இந்த ஒன்றுக்காகவே வகுப்பையே ஹராம் என்று ஒதுக்குகிறார். இருவருமே ஆசிரியரிடம் போய் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நான் அந்த முதல் வகுப்பிலேயே பேசிப் பார்த்தேன். பிரம்பு மாஸ்டர்கூட இந்த ஒரு செய்தியில் நல்லவராகவே நடந்துகொண்டார். நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும் என்றார். பிள்ளையின் முன்னிலையில் இதைப் பேசியதால் இன்னொரு நன்மை விளைந்தது. தன் ஈமானுக்காக ஒரு பெரியவரிடம் பணிவாகவும் தயங்காமலும் எப்படிப் பேசுவது என்று அவன் பார்த்தான். எங்கள் ஆசானிடமோ இந்தச் சிக்கலே எழவில்லை. எங்கள் வட்டாரத்தில் தொடக்க வணக்கத்தைச் சலாம் வரிசை என்றே சொல்வார்கள். கம்பை உயர்த்தி, நான்கு திசைக்கும் கால் மாற்றி, நிமிர்ந்து நிற்பதோடு முடிந்துவிடும். வேறு இடங்களில் களத்து மண்ணைத் தொட்டு ஒற்றிக்கொள்வதும் விளக்கேற்றுவதும் உண்டு. அங்கே சேர்ப்பவர்கள் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஐயம் இருந்தால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். என்னிடம் ஃபத்வா இல்லை.

முகத்தில் அடிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். சண்டையிடும்போது முகத்தைத் தவிர்க்கும்படி வந்துள்ள நபிமொழி தெளிவானது. முகத்தையும் தலையையும் குறிவைப்பதையே வெற்றியாகக் கொண்ட விளையாட்டுகளுக்கு நான் என் பிள்ளையை அனுப்பமாட்டேன். முஹம்மது அலீயை நாம் எல்லோரும் நேசிக்கிறோம். 1954-இல் பன்னிரண்டு வயதில் மிதிவண்டி களவுபோன ஆத்திரத்தில், திருடியவனை அடிக்கப்போகிறேன் என்று நின்ற சிறுவனிடம், முதலில் சண்டையிடக் கற்றுக்கொள் என்று ஒரு காவலர் சொன்னதில் தொடங்கிய வாழ்க்கை அது. 1984-இல் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது கண்டறியப்பட்டது; அந்த நடுங்கும் கைகளை உலகம் பார்த்தது. அவர் வாழ்க்கையில் என் மகனுக்கு நான் எடுத்துச் சொல்வது 1967-ஆம் ஆண்டை. வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று மறுத்து, பட்டத்தை இழந்து, மூன்று ஆண்டுகளுக்கு மேல் களத்துக்கு வெளியே நின்றார். வலிய குத்து விடத் தெரிந்தவர், அடிக்க மறுத்ததற்காகத் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளைக் கொடுத்தார்.

மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் போனதைப் பார்த்துத் தானும் போவேன் என்று ஏழு வயதில் அடம்பிடித்தாள். உறவில் சிலர் முகம் சுளித்தார்கள். "பொம்பளப் புள்ளைக்குக் கம்பு எதுக்கு?" என்று என் உம்மாவே கேட்டார்கள். உஹதில் நபி (ஸல்) அவர்களைச் சூழ்ந்த ஆபத்தின்போது வாளெடுத்து நின்ற நுஸைபா (ரலி) அவர்களைப் பற்றி நான் சொன்னேன். "அவங்க ஸஹாபிப் பெண்மணி, இவ ஒன் மவ" என்றார்கள் உம்மா. பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆசானின் மகள், மணமாகி இரண்டு பிள்ளைகள் உள்ளவர், வீட்டு முற்றத்தில் பெண்பிள்ளைகளுக்குத் தனியாகக் கற்பிக்கிறார் என்று தெரிந்த பிறகே உம்மாவின் மனம் இளகியது. இப்போது சனிக்கிழமைதோறும் அவர்களே அழைத்துப் போகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டிக்கொண்டே எந்தப் பிள்ளையின் கால் தவறுகிறது என்று கவனித்துச் சொல்கிறார்களாம்.

உடையைப் பற்றிய தயக்கமும் இனி வேண்டியதில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதியின் வுஜ்தான் ஷஹர்கானி தலையை மறைத்து ஜூடோ களத்தில் நின்றார். அந்த அனுமதிக்கே பெரிய விவாதம் நடந்தது. டோக்கியோவில் 2021-இல் நடந்த ஒலிம்பிக்கில் எகிப்தின் ஃபெர்யால் அப்துல் அஸீஸ் ஹிஜாபுடன் கராத்தேயில் தங்கம் வென்றார். ஒன்பது ஆண்டுகளில் விவாதம் பதக்கமாக மாறியிருக்கிறது. ஆனால் நான் மகளை அனுப்பியது பதக்கத்துக்காகவும் அன்று, வழிப்பறிக்காரனை வீழ்த்துவாள் என்பதற்காகவும் அன்று. பத்து வயதுச் சிறுமி வளர்ந்த ஆணை வீழ்த்துவாள் என்று எந்த ஆசிரியராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். என் மகள் கற்றது குரலை. அங்கே ஒவ்வொரு வீச்சுக்கும் அடிவயிற்றிலிருந்து ஓர் ஓசை எழுப்ப வேண்டும். விருந்தினர் வந்தால் உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை அவள். அந்த ஓசை வெளியே வருவதற்கு மூன்று வாரம் ஆனது. வந்த அன்று பக்கத்து மாமரத்துக் காக்கைகள் பறந்தன என்று அவள் அண்ணன் இன்றும் கேலி செய்வான். வேண்டாம் என்று உரக்கச் சொல்லத் தெரிந்த, வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொல்லத் தெரிந்த பிள்ளையை எளிதில் யாரும் தொட அஞ்சுவார்கள். பிள்ளைகளுக்குத் தீங்கு செய்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களாகவே இருக்கிறார்கள் என்பதைப் பெற்றோர் மறந்துவிடக் கூடாது. அதனால்தான், ஆணோ பெண்ணோ, பயிற்சி நடக்கும் இடத்தின் வாசல் திறந்திருக்க வேண்டும், பெற்றோர் எந்த நேரமும் வந்து உட்காரலாம் என்றிருக்க வேண்டும். பெற்றோர் பார்க்கக் கூடாது என்று சொல்லும் வகுப்பு எவ்வளவு புகழ்பெற்றதாயினும் எனக்கு வேண்டாம்.

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் எல்லாம் தெளிந்த தகப்பனைப் போலத் தோன்றலாம். உண்மை அப்படியில்லை. சென்ற ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன்.

பள்ளி முடிந்து மகன் வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பை கிழிந்திருந்தது, கன்னத்தில் நகக்கீறல். வண்டியில் ஒருவன் இவனுடைய தொப்பியைப் பிடுங்கி வெளியே எறிந்திருக்கிறான். இவன் எழுந்ததும் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். "நீ என்ன செஞ்சே?" என்று கேட்டேன். "அவன் கைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன் வாப்பா. டிரைவர் வர்ற வரைக்கும் விடல. அப்புறம் விட்டுட்டேன்" என்றான். அடிக்கவில்லையா என்று கேட்டேன். இல்லை என்றான். மூன்று ஆண்டுகள் கம்பு சுற்றியவன், உடல் வலுவில் அந்தப் பையனைவிட ஒரு படி மேலானவன், அடிக்கவில்லை.

அந்தக் கணத்தில் எனக்குள் எழுந்தது பெருமை அன்று, ஏமாற்றம். என் முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். அருகிலிருந்த என் மைத்துனர் வாய்விட்டே சொல்லிவிட்டார்: "இதுக்கா மச்சான் இத்தன வருஷம் படிக்க வச்சீங்க? ஒரு அறை விட்டிருந்தா இனி எவனும் கிட்ட வரமாட்டான்ல." நான் மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போனான்.

பிள்ளையின் குணத்தைக் கட்டுகிறோம் என்று சொல்லிக்கொண்டு நான் எதை எதிர்பார்த்திருந்தேன் என்பது அன்று இரவு இஷாவுக்குப் பின்னரே எனக்கு விளங்கியது. ஆசானிடம் நான் கேட்டது ஒன்று, உள்ளூர விரும்பியது வேறொன்று. பொறுமையைப் பற்றி நபிமொழி சொல்லிக் கொடுத்துவிட்டு, அவன் பொறுத்துக்கொண்டு வந்த நாளில் அவனைக் கோழையாகப் பார்த்தேன். அவனுடைய அறைக்குப் போய் எழுப்பி மன்னிப்புக் கேட்டேன். வளர்ந்த ஒருவர் தன்னிடம் மன்னிப்புக் கேட்பது அவனுக்கு விந்தையாக இருந்தது. "பரவால்ல வாப்பா" என்று சொல்லிவிட்டு, தொப்பி போய்விட்டதே, புதிது வாங்கித் தருவீர்களா என்று கேட்டான்.

எல்லா நேரமும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதே முறை என்று நான் சொல்லவில்லை. தன் உயிருக்கும் மானத்துக்கும் ஆபத்து என்றால் தடுத்து நிற்க மார்க்கம் அனுமதிக்கிறது. எப்போது, எந்த அளவுக்கு என்பதை அளந்து பார்க்கும் நிதானம் பிள்ளைக்கு வேண்டும். பள்ளி நிர்வாகத்திடம் நான் மறுநாள் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன், அந்தப் பையனின் தகப்பனாரையும் பார்த்தேன். பெரியவர்கள் செய்ய வேண்டியதைப் பெரியவர்கள் செய்தால்தான் பிள்ளையின் பொறுமைக்குப் பொருள் உண்டு. அவனைத் தனியே விட்டுவிட்டு "ஸப்ரு செய்" என்று மட்டும் சொல்வது அநீதி.

நடந்ததை ஆசானிடம் மகனே சொன்னான். அவர் பாராட்டவுமில்லை, குறை சொல்லவுமில்லை. "கையப் புடிக்கும்போது ஒன் கால் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். மகன் வண்டிக்குள் நின்றதைப் போல நின்று காட்டினான். அவனுடைய முன்காலை அரை அடி பின்னுக்கு நகர்த்தி வைத்துவிட்டு, "இப்பிடி நின்னிருந்தா சட்டையும் கிழிஞ்சிருக்காது" என்றார்.

அந்தத் தெருக்காரருக்கு நான் படிக்கட்டில் சொன்ன பதில் சுருக்கமானது: "ஒரு வாரம் நீங்களும் வந்து ஒக்காந்து பாருங்க காக்கா, அப்புறம் முடிவு பண்ணலாம்." வந்தார். முதல் இரண்டு நாள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கைபேசியை உள்ளே வைத்துவிட்டார். அவருடைய மகன் இப்போது மண்ணில் கிழித்த கோட்டில் கால் மாற்றிக்கொண்டிருக்கிறான். இன்றோடு பதினெட்டு நாள். நேற்று மாலை தோப்பு வரப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர், ஆசானின் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டார்: "காக்கா, கம்பு எப்பக் குடுப்பாங்க?"